துளை மூடும் மதியம்

துணி நனையவில்லை. இப்போதுதான் பார்த்தான், இனி அரை மணி நேரத்துக்குப் பார்ப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், சொல்லி முடிப்பதற்குள் குனிந்து மறுபடியும் பார்த்தான். அக்காவின் நைட்டியில், இடது விலாவுக்குக் கீழே, தையல்காரியிடம் சொல்லி வைத்த உள்ளங்கை அகலத் திறப்பு. அதற்குள் மடித்து வைத்த வெள்ளைத் துணி, சுற்றிலும் காகித ஒட்டு, அவ்வளவுதான். எட்டு மாதமாக அந்த இடத்திலிருந்து ஒரு முழம் நீளத்துக்குக் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கவாதத்தில் விழுங்க முடியாமல் போன அக்கா, ஆவுடையம்மாள் டீச்சர், அதன் வழியாக வயிற்றுக்குப் போன கஞ்சியில்தான் உயிரோடு இருந்தாள். காலையில் பத்தரைக்கு எடுத்துவிட்டார்கள். எடுப்பது என்றால் எப்படியோ என்று இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்த நம்பிராஜனின் கண் முன்னாலேயே டாக்டர் ஒரு சிரிஞ்சைச் சொருகி, உள்ளே பிடிமானத்துக்கு இருந்த பலூனின் தண்ணீரை உறிஞ்சி, ‘மூச்சை விடுங்க டீச்சர்’ என்று சொல்லி, மோரில் விழுந்த முடியை எடுப்பது மாதிரி எடுத்துத் தட்டில் போட்டார். நர்ஸ் புஷ்பலீலா கைதட்டினாள், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அக்காவின் வாயில் வலது பாதி சிரித்தது, இடது பாதி சும்மா இருந்தது. அதற்கு முன்னால், சிரிஞ்சைக் கையில் எடுப்பதற்கும் முன்னால், டாக்டர் ஒன்று கேட்டார். பஸ் வந்துவிட்டதா என்று கேட்பது போலச் சாதாரணமாகத்தான் கேட்டார். ‘நாலு வாரமா எல்லாம் வாய் வழியாத்தானே? டியூப்பைத் தண்ணி விட்டுக் கழுவினதைத் தவிர வேற ஒண்ணும் போகலையே?’ நம்பி சொன்னான், ‘இல்ல சார், ஒண்ணும் போகலை.’

போனது. தினமும் போனது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, சாயந்திரம் ஆறுக்கு ஒரு தடவை, வாயில் கொடுத்தது போகக் கிண்ணத்தில் மிஞ்சிய கஞ்சியை மறுபடி வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, அவன்தான் ஊற்றினான். மிச்சம் என்றாலும் அதுதான் பாதிக்கு மேல். அப்படி ஊற்றியதால்தான் எடை குறையவில்லை, எடை குறையாததால்தான் டாக்டர் நம்பினார், நம்பியதால்தான் எடுத்தார். யோசித்துப் பார்த்தால், எடுத்தது டாக்டர் இல்லை. வீட்டுக்கு வந்தாயிற்று, இப்போது மணி பன்னிரண்டே முக்கால். கிளம்பும்போது புஷ்பலீலா படிக்கட்டு வரைக்கும் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்: ரெண்டு மணி நேரம் வாயில ஒண்ணும் குடுக்காதீங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க; லேசாக் கசியும், பயப்படாதீங்க, நனைஞ்சா துணியை மாத்துங்க; இருமினா உள்ளங்கையால அமுக்கிப் பிடிங்க; காய்ச்சல் வந்தாலோ வயிறு கல்லு மாதிரி ஆனாலோ உடனே வாங்க. அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘ஏதாச்சும் கோளாறுன்னா இன்னைக்கு நாலரை, அஞ்சுக்குள்ள வந்துருங்க சார். அதே ஓட்டையில சுலபமாப் போட்டுரலாம். ஆறு மணி நேரத்துல சுருங்கிப் போயிரும். நாளைக்குன்னா முதல்லேருந்து, மயக்க மருந்து, எண்டோஸ்கோப்பி, புது ஓட்டை. டீச்சருக்குப் போன தடவை என்ன ஆச்சுன்னு தெரியும்ல?’ தெரியும். மயக்க மருந்திலிருந்து மூச்சு திரும்பவில்லை, இரண்டு நாள் ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றான், இன்னொரு தடவை தாங்காது என்று மயக்க மருந்து டாக்டர் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஆக, நாலரை. இப்போது அவள் வயிற்றில் சதை சதையைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும். உடம்புக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், திறந்ததையெல்லாம் அடைக்க வேண்டும் என்று? வாயை மட்டும் ஏன் அது அடைக்காமல் விட்டிருக்கிறது? வாயும் ஓட்டைதானே, அதில் ஒன்றும் ஒழுங்காகப் போவதில்லையே.

எதிர்த்த பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் வீடு எடுத்தாலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து மணி காதில் விழும். படுத்தபடியே அக்கா வலது கையின் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். மத்தியானத்துக்குப் பிந்தின முதல் வகுப்புக்கு இன்னும் இரண்டு தடவை மணி அடிக்க வேண்டும் என்று அர்த்தமோ, இரண்டு நிமிஷம் முந்தி அடித்துவிட்டார்கள் என்று அர்த்தமோ. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு நடத்தியவளுக்கு மணி தப்பாக அடிப்பது பிடிக்காது. ‘முந்தியா பிந்தியாக்கா?’ என்றான். ‘முந்தி’ என்றாள். அவள் பேச்சு மற்றவர்களுக்குக் குழறலாகத்தான் கேட்கும், நாக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஈரமான சத்தம். அவனுக்கு மட்டும் முழுச் சொற்களாக, புள்ளி வைத்த இடத்தில் புள்ளியோடு கேட்கிறது. அவன் தொழில் அது. டொராண்டோவில் பதினான்கு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும் நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். ஒரே ஒரு விதி: கூட்டாதே, குறைக்காதே. டாக்டர் ‘மூன்று மாதம்’ என்று சொன்னால் மூன்று மாதம்தான், ‘கொஞ்ச காலம்’ என்று மழுப்பக் கூடாது. நோயாளி டாக்டரைத் திட்டினால் திட்டையும் கொடுத்தாக வேண்டும். வல்வெட்டித்துறையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு இதே மாதிரி வயிற்றில் குழாய் போடப் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டால் இன்னும் கொஞ்ச நாள், போடாவிட்டால் நிம்மதி, நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். அவர் மனைவி லிப்ட் வாசலில் அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், ‘தம்பி, உங்கட அக்கா தங்கச்சி எண்டால் நீங்கள் என்ன செய்வியள்?’ ‘நான் சொல்லக் கூடாதம்மா, எனக்கு அனுமதி இல்லை’ என்றான். அந்த அம்மாள் கையை எடுத்துவிட்டாள். எடுத்த விதம் இருக்கிறதே, சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதைப் போல. பதினான்கு வருஷம் சொந்தமாக ஒரு வார்த்தை கூட்டாத, குறைக்காத வாய், இன்றைக்குக் காலையில் முதல் தடவையாக அவனிடமே கேட்கப்பட்ட கேள்விக்கு, நான்கே வார்த்தையில் பொய் சொல்லிற்று.

ஒரு மணிக்குக் கஞ்சி. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, கரண்டியைக் கவிழ்த்தால் உடனே விழாமல் யோசித்து விழும் பதம். பதம் சொல்லிக்கொடுத்தது பெர்பெத்துவா. விழுங்கக் கற்றுக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு தனிப் பிள்ளை இருக்கும் என்று அதுவரைக்கும் அக்காவுக்குத் தெரியாது. ‘டீச்சர், நாடி நெஞ்சைத் தொடணும். தொப்புளைப் பாத்துக்கிட்டே முழுங்கணும். தலையைத் தூக்கினீங்க, போற வழி மாறி நுரையீரலுக்குப் போயிரும்.’ அக்கா சொன்னாள், ‘தொப்புளைப் பாத்துக்கிட்டு முழுங்குத பழக்கம் எங்க குடும்பத்துல கெடையாது.’ நம்பி அதைப் பெர்பெத்துவாவுக்குச் சொன்னான், கூட்டாமல் குறைக்காமல். ‘எங்க குடும்பத்துலயும் கெடையாது டீச்சர், நானும் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்’ என்று அந்தப் பெண் சிரித்தது. சிரிப்பு சரிதான், ஆனால் பிறந்ததிலிருந்து டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்தே வளர்ந்தவளுக்குக் குனிந்து குடிப்பது குடிப்பதாகவே தோன்றவில்லை, மாடு தொட்டியில் குடிப்பதாகத் தோன்றியது. கரண்டியிலும் சண்டை. வாய்க்குப் போன கரண்டி கிண்ணத்துக்குத் திரும்பக் கூடாது, திரும்பினால் கிண்ணம் முழுக்க எச்சில். ‘ஒனக்குத்தானக்கா, நீதான சாப்பிடப் போற, உன் எச்சில்தானே’ என்றால், ‘எச்சில்ல எனக்கு ஒனக்குன்னு உண்டோ?’ என்பாள். எச்சில் அவள் வாயின் இடது ஓரத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் வழிந்துகொண்டிருக்கும், துண்டால் துடைத்துக்கொண்டேதான் சொல்வாள். ஆக இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி. பெரிய கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டியால் சின்னக் கிண்ணத்துக்கு ஒரு வாய் மாற்றி, வேறு கரண்டியால் அதை எடுத்து வாய்க்குள் வைத்து, நாடியைக் குனியச் சொல்லி, தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குகிறதா என்று இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, ‘ஆ’ சொல்லச் சொல்லி, குரல் ஈரமாகக் கேட்டால் இன்னொரு தடவை விழுங்கச் சொல்லி, துடைத்து. ஒரு வாய்க்கு மூன்றரை நிமிஷம். எட்டாவது வாயில் அவளுக்கு வேர்த்தது. பத்தாவதில் கண்ணை மூடிக்கொண்டாள். பதினொன்றாவது வாய் கன்னத்துக்குள்ளேயே தங்கிவிட்டது, விரலை விட்டுத்தான் எடுத்தான். போதும் என்பதாகக் கை அசைந்தது. பெரிய கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. எட்டு மாதத்துப் பழக்கத்தில் அவன் கை நைட்டித் திறப்புக்குப் போய்விட்டது, குழாயைத் தேடி. துணிதான் தட்டுப்பட்டது. அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான், அந்தத் திரும்பல்தான். நான்கு வாரமாக, ‘சரி விடுக்கா, மிச்சத்தை இதுலயே விட்டுருதேன்’ என்று அவன் டியூப்பின் மூடியைக் கழற்றும்போதெல்லாம் அவள் இப்படித்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைத்தவள், தம்பி வயிற்றில் ஊற்ற ஊற்றப் படுத்துக் கிடக்கும் கேவலம் தாங்காமல் திரும்பிக்கொள்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. வார்த்தை இல்லாததையும் மொழிபெயர்க்கத் தெரிந்தவன் அல்லவா. அந்த முதுகுக்காகத்தான் பொய் சொன்னான்.

அந்த முதுகுக்காகத்தானா? கிண்ணங்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவன் சமையலறைத் தொட்டியின் முன்னால் தண்ணீர்க் குழாயைத் திறக்காமல் நின்றான். டியூப்பைச் சுற்றிச் சதை சிவந்து பொங்கி, துளசி விதை ஊறினது மாதிரி ஈரமாகவே இருக்கும், புளித்த பால் வாடை, எந்தச் சோப்புப் போட்டாலும் அவன் விரலிடுக்கில் அந்த வாடை நிற்கும், காபி டம்ளரைத் தூக்கினால் முதலில் அதுதான் மூக்குக்கு வரும். முதல் ஏழு மாதமும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம். ஊற்றியதும் குழாய் அடைத்துக்கொண்டால் வெந்நீர், தட்டு, உருட்டு, மறுபடி வெந்நீர். ஊற்றும்போது பேச வேண்டியதில்லை, அதுதான் முதலில் சௌகரியமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. ஒரு செடிக்கு ஊற்றுவது போல ஊற்றிக்கொண்டே கைபேசியில் வேறு எதையோ படித்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. அன்றைக்குத்தான் இந்தக் குழாய் போய்த் தொலையாதா என்று முதல் தடவையாக நினைத்தான். அவளுக்காக நினைத்தானா, தனக்காக நினைத்தானா? டாக்டரிடம் ‘இல்ல சார்’ என்றபோது அவன் வாய் எவ்வளவு சுலபமாகத் திறந்தது, நாக்கு எங்கேயும் தட்டவில்லை, தொண்டை ஒரே தடவையில் ஏறி இறங்கிற்று, என்ன அருமையான தொண்டை. பதினொரு வாய். பதினொரு வாயில் ஒரு மனுஷி எத்தனை நாள் இருப்பாள்? இன்றைக்கு முதல் நாள், களைப்பு, நாளைக்குப் பதினைந்து ஆகும். நான்கு வாரமாகப் பதினொன்றுதானே, நாளைக்கு மட்டும் எப்படிப் பதினைந்து ஆகும். ஆகலாம், குழாய் இல்லை என்று தெரிந்தால் உடம்பு தானாக முயலும். முயலாவிட்டால்? ஒரு கிலோ, இரண்டு கிலோ, முழங்கை எலும்பு தெரியும், திரும்பப் போய் நிற்க வேண்டும், மயக்க மருந்து, கண்ணாடிக்கு வெளியே இரண்டு நாள், அந்தத் தடவை இரண்டு நாளோடு முடியாது. மணி என்ன? இரண்டு. கைபேசியை எடுத்தான், ஆஸ்பத்திரி எண்ணைத் தொட்டான், மணி போகும் சத்தம் கேட்டதும் கட் பண்ணினான். என்ன சொல்வது? ‘சார், பொய் சொல்லிட்டேன், மறுபடி போடுங்க’ என்றா? புஷ்பலீலா கைதட்டினாளே. அக்காவிடம் என்ன சொல்வது? பாதிச் சிரிப்போடு ஆட்டோவில் வந்தாளே, ஆட்டோக்கார மைதீனிடம் வயிற்றைத் தட்டிக் காட்டினாளே, ‘அண்ணாச்சி, கழத்தியாச்சு’ என்று அவருக்கும் புரிகிற மாதிரி மூன்று தடவை முயன்று சொன்னாளே. இன்னும் கொஞ்சம் பார்ப்போம். மூன்று மணிக்கு இன்னொரு தடவை கொடுத்துப் பார்ப்போம். மூன்றுக்கும் நாலரைக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரம் ஒரு பெரிய மைதானம் மாதிரி அவனுக்குத் தெரிந்தது, அதில் ஓடி விளையாடலாம் போல. தண்ணீர்க் குழாயைத் திறந்தான். தண்ணீர் விழும் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது, தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு இருமல்.

ஓடினான். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், எட்டு மாதத்தில் தானாக இப்படி உட்கார்ந்ததே இல்லை. வலது கையில் எவர்சில்வர் டம்ளர், தலை பின்னால் சாய்ந்து, அண்ணாந்து, உதட்டுக்கு நாலு விரற்கடை மேலேயிருந்து தண்ணீர் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது, வாயிலும் மூக்கிலும் கழுத்திலும். அவனுடைய டம்ளர். அவன் குடித்துவிட்டு ஸ்டூலில் வைத்துவிட்டுப் போன, கெட்டியாக்கும் பொடி கலக்காத, வெறும் தண்ணீர். டியூப் போனதும் கை பழைய கையாகிவிட்டது, அறுபத்திரண்டு வருஷத்துக் கை, யார் தடுக்க முடியும்? முகம் சிவந்து, நீலமாகி, கண் பிதுங்கி, மூச்சு இழுக்க இழுக்க உள்ளே போகாமல் ஒரு சீழ்க்கை. அவன் செய்தது என்ன? உச்சந்தலையில் தட்டினான். ‘யாரோ நெனைக்காங்க, யாரோ நெனைக்காங்க’ என்று சொல்லிக்கொண்டே தட்டினான், சின்ன வயதில் புரையேறினால் அவனுக்கு அவள் தட்டின மாதிரி, பெர்பெத்துவா எழுதிக் கொடுத்த தாள் சுவரில் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்க, மடையன், உச்சந்தலையில். அப்புறம்தான் சுரணை வந்து அவளை முன்னால் குனியவைத்தான், தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி அடித்தான், ஒன்று, இரண்டு, மூன்று, அடிக்கிற கைக்குக் கீழே அவள் முதுகெலும்பு கண்ணி கண்ணியாகத் தட்டுப்பட்டது, இன்னொரு கை வயிற்றை அமுக்கிப் பிடித்திருந்தது, அந்தக் கைக்குள் ஏதோ சூடாகப் பரவியது. செத்துப்போ என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, அல்லது செத்துப்போகாதே என்று சொன்னது, இரண்டும் ஒரே குரல்தான். ஏழாவது அடியிலோ எட்டாவதிலோ தண்ணீரும் சளியும் மதியக் கஞ்சியும் அவன் மடியில் விழுந்தன. மூச்சு உள்ளே போனது. கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு போனது. அவள் அவன் தோளில் சாய்ந்து இருமிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம், விட்டு விட்டு, மூன்றேகால் வரைக்கும். எதிரே மூன்றாவது வகுப்புக்கோ நான்காவதுக்கோ மணி அடித்தார்கள், முந்தியா பிந்தியா என்று யாரும் சொல்லவில்லை.

துணி முழுக்க நனைந்திருந்தது. காகித ஒட்டை ஓரம் ஓரமாக உரித்து எடுத்தான். கஞ்சியும் தண்ணீரும் கலந்து வெளுப்பாக, லேசாக ரத்தம். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சுற்றிலும் துடைத்தான், உள்ளேயிருந்து வெளிப் பக்கமாக, ஒரு பஞ்சு ஒரு தடவைதான். அப்போதுதான் துளையைப் பார்த்தான். காலையில் தட்டில் குழாயைப் போட்டுவிட்டு டாக்டர் காட்டியபோது ஒரு பென்சில் போகிற அளவுக்கு இருந்தது. இப்போது ஓரத்துச் சதை உள்ளே மடிந்து, சுருக்குப் பையின் வாயைப் போலச் சேர்ந்திருந்தது. சுருக்குக்கு நடுவே, இருமும்போது மட்டும், ஒரு துளி வந்து எட்டிப் பார்த்தது. ‘எவ்வளவு இருக்கு?’ என்றாள் அக்கா. குரல் ஓட்டைக் குடத்தில் பேசினது போல. ‘பச்சைப்பயறு அளவு.’ ‘காலைல?’ ‘பென்சில் போகும்.’ கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டாள். ‘அப்போ பாதிக்கு மேல போயாச்சு’ என்றாள். புதுத் துணியை மடித்து வைத்தான், ஒட்டு கையிலேயே ஒட்டிக்கொண்டது, பிய்த்தான், வேறு வெட்டினான், அதுவும் ஒட்டிக்கொண்டது. ‘யக்கா, நான் டாக்டர்ட்ட பொய் சொல்லிட்டேன்.’ ‘நான் அங்கனதான கெடந்தேன், வேற எங்கயும் போகலையே.’ ‘பின்ன நீ ஏன் ஒண்ணும் சொல்லல? பரீட்சையில காப்பி அடிச்சவளுக்கு அப்பா மந்திரின்னாலும் விடமாட்டியே.’ அவள் இருமினாள். அவன் துணியைப் பிடித்துக்கொண்டான். இருமல் அடங்குவதற்குள் அவன் அவளுக்காக நாலு பதில் தயாரித்துவிட்டான், எல்லாம் நல்ல பதில்கள், எல்லாவற்றிலும் அவள் மானஸ்தி. ‘ஒனக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன்’ என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான், இரண்டாவது பொய் அவ்வளவு சுலபமாக வரவில்லை. ‘நீ சொவரைப் பாத்துத் திரும்பிக்கிடுவியேக்கா’ என்றான். ‘நான் டியூப்பைத் தொறந்தாலே திரும்பிக்கிடுவ. ஒனக்கு வெக்கமா இருக்குன்னுல்ல…’ ‘வெக்கமா?’ அவளுடைய வலது புருவம் ஏறிற்று, தப்பு விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து ஏறுகிற அதே புருவம். அப்புறம் மூச்சு வாங்கி, நிறுத்தி, துண்டால் துடைத்து, மறுபடி மூச்சு வாங்கி, எட்டு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினாள். ‘பதினோரு கரண்டி தின்னா என்னல ஆகும்? இருக்கிற பசி கூடத்தான் செய்யும். இவன் எப்போடா மூடியைக் கழத்துவான், எப்போடா கழத்துவான்னு காத்துக்கிட்டு இருப்பேன். நீ விட்ட ஒடனே வயிறு சூடாகும். உள்ள யாரோ வெளக்கு ஏத்துத மாதிரி இருக்கும். அந்த நேரத்துல என் மூஞ்சிய நீ பாத்தா வாயில குடுக்கதை விட்டுருவ. இவளுக்கு இதுவே போதும்னு விட்டுருவ. அதான் சொவரு.’ பதினான்கு வருஷம். வார்த்தை இல்லாததையும் படிக்கத் தெரியும் என்று ஒரு திமிர். ஒரு முதுகு. அதைக்கூட அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. நான்கு வாரம் தினமும் இரண்டு தடவை அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கிறாள், அவன் அதைப் பார்த்துப் பார்த்து மனசு ஒடிந்திருக்கிறான். ‘பசிக்குது நம்பி’ என்றாள். ‘காலைலேருந்து பசிக்குது. கைதட்டினாங்கள்ல, அப்பவே பசிச்சுது.’ அவன் தலையைக் குனிந்துகொண்டான், நாடி நெஞ்சைத் தொட்டது. ‘நல்லா இருக்குலே நியாயம்’ என்றாள் அவள். ‘பொய் சொன்னது நீ. ஓட்டை எனக்கு.’

மூன்றே முக்கால். இந்தத் தடவை கட் பண்ணவில்லை. புஷ்பலீலாதான் எடுத்தாள். அவன் சொன்னான், நான்கு வாரத்தையும் சொன்னான், இரண்டு மணி, ஆறு மணி, எவ்வளவு, எல்லாம். டம்ளரையும் சொன்னான். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ‘ஏன் சார்?’ என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்கிற குரல் இல்லை அது. அப்புறம் அவளே தொடர்ந்தாள், ‘ஓட்டை தெரியுதா? இருமினா ஏதாச்சும் வருதா? வருதுல்ல? அப்போ உடனே கெளம்புங்க. டாக்டர் அஞ்சு மணிக்கு வேற எடத்துக்குப் போயிருவாங்க, நான் சொல்லி வைக்கேன், திட்டுவாங்க, வாங்கிக்கோங்க. புரையேறினதுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கணும். வாயில ஒரு சொட்டுக் குடுக்காதீங்க. போட முடியுமான்னு பாத்தாத்தான் தெரியும் சார், நான் ஒண்ணும் சொல்ல முடியாது.’ மைதீன் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கும்போது, ‘என்னம்மா, காலைலதான கழத்தியாச்சுன்னு சொன்னீய?’ என்றார். ‘மாட்டப் போறோம் அண்ணாச்சி’ என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை. நம்பி சொல்லவும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். தெரு முழுக்கச் சைக்கிள், நீலப் பாவாடை, வேன், ஐஸ் வண்டி. மைதீன் ஹாரனில் கையை வைத்தபடியே ஒவ்வொரு அடியாக ஊர்ந்தார். சமாதானபுரம் திருப்பத்தில் ஒரு பஸ் குறுக்கே நின்றுவிட்டது. நாலு பன்னிரண்டு. காலையில் இதே ரோட்டில் வரும்போது மூடிக்கொள், சீக்கிரம் மூடிக்கொள் என்று அந்தத் துளையைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். இப்போது அதே துளையிடம் வேறு மாதிரிக் கெஞ்சிக்கொண்டிருந்தான், கொஞ்சம் பொறு, ஒரு அரை மணி நேரம், உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, இதுவும் தெரியட்டும், திறந்திரு. நாலு பதினான்கு. பஸ் கிளம்பவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் யாரோ யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தலை அவன் தோளில் இருந்தது, நெஞ்சுக்குள் கரகரவென்று ஒரு சத்தம், நெற்றி சுடுகிறதா, அல்லது அவன் கன்னம்தான் சில்லென்று இருக்கிறதா. அவன் உள்ளங்கை துணி மேல் இருந்தது, எப்போது வைத்தான் என்று தெரியவில்லை. துணிக்குக் கீழே கொஞ்சம் ஈரம். உண்மையாகவே ஈரமா, வேர்வையா? இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தான். ஆமாம், ஈரம்தான், வெதுவெதுப்பாக. சந்தோஷத்தில் இன்னும் அழுத்தினான்.

‘அமுக்காதல’ என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. ‘அடைச்சிறப் போகுது.’